பிள்ளைக்கென்று அளந்து செய்யும் மருந்து: வன்னி வீட்டுக்கு எது ஒத்துவரும்?

40 மில்லிகிராம் குளிசை ஒன்று. பிள்ளைக்கு வேண்டியது 4 மில்லிகிராம். வட இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் பிரதான வீதியிலிருந்து மூன்று கட்டை உள்ளே இருக்கிற என் தங்கச்சி வீட்டுக் குசினியில், பழைய பேப்பர் ஒன்றை விரித்து, பிளேட்டால் அந்தக் குளிசையை அவள் வெட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாதி சரியாக வந்தது. கால் ஒருமாதிரி வந்தது. காலைப் பாதியாக்கப் போனபோது அது நொறுங்கி, ஒரு துண்டு சுவரோரம் போய் விழுந்தது. மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதில எது நாலு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தங்கச்சியின் மகளுக்கு அப்போது நான்கு மாதம், எடை நான்கு கிலோ. இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. சத்திரசிகிச்சைக்கு முன் எடை ஏற வேண்டும். அதுவரை நெஞ்சில் நீர் கட்டாமல் சிறுநீராக வெளியேற்ற பியூரோசமைட் (அன்று வெட்டியது இதைத்தான்), அதோடு இருதயத்தின் பாரத்தைக் குறைக்க கப்டோபிரில். இரண்டுமே பெரியவர்களின் அளவில் வருகிற குளிசைகள். கிலோவுக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்து டொக்டர் எழுதுகிற அளவு எந்தக் குளிசையிலும் அப்படியே இருக்காது. அப்போதுதான் "இந்தப் பிள்ளைக்கென்று செய்து தருகிற மருந்து" என்ற பேச்சு வந்தது. குளிசையைத் தூளாக்கி, இனிப்புத் திரவமான பாணியாகவோ, கடதாசியில் மடித்த தூள் சரையாகவோ, ஒரு ஆளின் அளவுக்கு மருந்தாளர் கலந்து கொடுப்பது. அப்போதிக்கரி காலத்தில் எல்லா மருந்தும் அப்படித்தான் வந்தது. போத்தலில் நிற மிக்சர் ஊற்றிக் கொடுத்ததை எங்கள் அம்மம்மா இன்றைக்கும் சொல்லுவா.

அன்று தொடங்கி இரண்டு வருடமாக நாங்கள் ஏறாத படி இல்லை. அந்த அலைச்சலில் படித்ததை, இதே இடத்தில் நிற்கிற இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மருந்து உயர்ந்தது என்று பார்க்க முதல், உங்கள் வீட்டில் எதைச் சரியாக வைத்து, சரியாக அளந்து, தினமும் கொடுக்க முடியும் என்று பாருங்கள். பிரிட்ஜ் இருக்கிறதா, கரண்ட் நிற்கிறதா, பாமசி எத்தனை பஸ் தூரம், அளக்கிறது யார் என்பதெல்லாம் சேர்ந்துதான் தெரிவு.

கலக்கச் சொல்ல முதல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதே மருந்து பிள்ளைகளுக்கு ஏற்ற வடிவத்தில் கம்பனியே செய்து வருகிறதா? எங்களுக்கு இது பிந்தித்தான் புத்தியில் பட்டது. வலிப்புக்குக் கொடுக்கிற சோடியம் வல்புரோயேட்டுக்கும் கார்பமசெப்பினுக்கும் பாணி இருக்கிறது. பரசிட்டமோல் பாணியை எல்லாரும் அறிவோம். சில மருந்துகள் தண்ணீரில் போட்டதும் தானாகக் கரைகிற குளிசையாக வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2007இல் பிள்ளைகளுக்கான அத்தியாவசிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை முதன்முதலாக வெளியிட்டது. பிள்ளைகளின் அளவுக்கு மருந்து செய்யுங்கள் என்று கம்பனிகளை வற்புறுத்தவும் தொடங்கியது. காசநோய்க்கு மூன்று மருந்தும் சரியான அளவில் சேர்ந்த, தண்ணீரில் கரைகிற, பிள்ளைகளுக்கான குளிசை 2015இன் கடைசியில்தான் வந்தது. அதுவரை உலகம் முழுக்கத் தாய்மார் பெரியவர்களின் காசநோய்க் குளிசையை இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் குசினி மேசையில் நடந்தது எங்கள் வீட்டுக் கூத்து மட்டுமல்ல என்று தெரிந்தபோது ஒரு ஆறுதல்.

கம்பனி செய்த வடிவம் இருந்தால் அதை எடுங்கள். எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஒரே அளவு மருந்து இருக்கிறதா என்று அதைச் சோதித்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். கலந்து செய்யும் மருந்துக்கு அந்தச் சோதனை இல்லை. கலக்கிறவரின் கையும் கவனமும்தான் காவல். ஆனால் கம்பனிப் பாணியையும் பதிவில்லாத கடையிலோ, பொதியில் கொண்டுவருகிறவரிடமோ வாங்காதீர்கள். 2022இல் காம்பியாவில் நஞ்சு கலந்த இருமல் பாணியால் எழுபது பிள்ளைகள் அளவில் இறந்தார்கள். அதுவும் கம்பனிப் போத்தலில் வந்த பாணிதான்.

எங்கள் மருந்துக்கு அப்படி எதுவும் கைக்கு எட்டவில்லை. 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள்; இருந்த குளிசையே இல்லாமல் போன நாட்கள் அவை. ஆகவே கலப்பதுதான் வழி என்றானது. அங்கேதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

முதலில் கிடைத்தது பாணிப் போத்தல். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் குளிசைகளை இடித்து, தடித்த இனிப்புத் திரவத்தில் கலந்து, இத்தனை மில்லிலீற்றரில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தருவார்கள். அரச ஆஸ்பத்திரி என்றபடியால் காசு இல்லை. கொடுப்பது சுகம்: குலுக்கு, சிரிஞ்சில் இழு, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடு. பிள்ளைக்கும் பிடிக்கும். எடை ஏற ஏற அளவைக் கூட்டுவதும் லேசு. 1 மில்லிலீற்றர் 1.2 ஆகும், அவ்வளவுதான். கையில் பிரிட்ஜும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் எங்கள் வீட்டுக்கு? தண்ணீர் சேர்ந்த எந்த மருந்திலும் கிருமி வளரும். கெடாமல் காக்கும் பதார்த்தம் சேர்க்காத பாணியை, அதற்கென்று தனியாகச் சோதனை செய்து வேறு நாள் குறிக்காவிட்டால், பிரிட்ஜில் வைத்தாலும் 14 நாளுக்கு மேல் பாவிக்கக் கூடாது என்பது அமெரிக்க மருந்து நியமம். அது சேர்த்திருந்தாலும் 35 நாள்தான். பிரிட்ஜ் என்றால் 2 முதல் 8 பாகை. தங்கச்சி வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இரண்டு வளவு தள்ளியுள்ள வீட்டில் வைத்தோம். நல்ல சனம், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எத்தனை நாளைக்கு? மழைக்காலத்தில் கரண்ட் போனால் அங்கேயும் அதே கதை. மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வைகாசி வெயிலில் வீட்டுக்குள் 30 பாகையைத் தாண்டும்போது பானை கொஞ்சம் குளிர்மை தரும்தான். 8 பாகைக்கு இறங்காது. பிரிட்ஜில் வை என்று எழுதிய பாணிக்கு அது உதவாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். பியூரோசமைட்டின் முதல் போத்தல் ஓரிடத்தில் கலந்தது: 1 மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 2 மில்லிலீற்றர். தங்கச்சிக்கு அந்தக் கணக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. சிரிஞ்சில் இரண்டாம் கோட்டைக் கண் தானாகத் தேடும். அடுத்தமுறை வேறோர் இடத்தில் கலந்து தந்தார்கள். அங்கே 1 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம். லேபிளில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் எழுதியும் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் வழமைபோல இரண்டாம் கோடு வரை இழுத்துக் கொடுத்தாள். ஒன்றரை நாள், இரட்டை அளவு மருந்து.

கண்டுபிடித்தது அம்மம்மா. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது, மில்லிகிராம் தெரியாது. "பிள்ளை, போத்தல் இந்தமுறை சின்னனாக் கிடக்கு. அதே மருந்து, அதே நாள் எண்டால் எப்பிடிக் காணும்?" என்று கேட்டா. அப்போதுதான் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிள்ளையின் நாக்கு காய்ந்து கிடந்தது, துணி துணியாக நனைந்துகொண்டிருந்தது, சோர்ந்து போயிருந்தாள். 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். அந்த இரண்டு நாளும் தங்கச்சி பேசவில்லை. என் கையாலேயே கொடுத்தேன் என்ற எண்ணம் அவளைத் தின்றது. அது அவளுடைய பிழை இல்லை என்று நான் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே பாணி எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும், பழைய போத்தலையும் கையில் கொண்டுபோய், "இது போனமுறை தந்த அதே வீரியமா?" என்று கேளுங்கள். எத்தனை மில்லிகிராம், அது எத்தனை மில்லிலீற்றர், எந்த நாள் கலந்தது, எந்த நாளில் மிச்சத்தை வெளியே ஊற்றிவிட வேண்டும், பிரிட்ஜா வெளியிலா என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம், தேக்கரண்டியால் அளக்கவே வேண்டாம். ஒரு வீட்டுத் தேக்கரண்டி 3 மில்லிலீற்றர் பிடிக்கும், அடுத்த வீட்டுக் கரண்டி 7 பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சை மருந்தகத்திலேயே கேட்டு வாங்கி, உங்கள் அளவில் நிறப் பேனையால் ஒரு கோடு கீறுங்கள். வீரியம் மாறினால் பழைய சிரிஞ்சை எறிந்துவிட்டுப் புதியதில் கீறுங்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் மாறியது தூள் சரைக்கு. எல்லா ஆஸ்பத்திரியிலும் கட்டித் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன். மருந்தாளருக்கு நேரம் பிடிக்கிற வேலை அது. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய வேலை. எங்களுக்குக் கட்டித் தந்த மருந்தாளர் ஐயா ஒருநாள் ஜன்னலுக்கு அப்பால் செய்ததைக் கவனித்துக்கொண்டு நின்றேன். குளிசைகளை எண்ணிக் கல்வத்தில் போட்டு, கரகரப்புப் போகும் வரை அரைத்தார். பிறகு லக்டோஸ் (பால் சீனி) மாவு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டவில்லை. மருந்துத் தூள் எவ்வளவோ அவ்வளவு மாவு, கலந்தார்; இப்போது இருக்கிற மொத்தம் எவ்வளவோ அவ்வளவு மாவு, திரும்பக் கலந்தார். இப்படி இரட்டித்து இரட்டித்துப் போனால்தான் கொஞ்ச மருந்து நிறைய மாவுக்குள் சீராகப் பரவுமாம். பிறகு நிறுத்து, வெள்ளைக் கடதாசித் துண்டுகளில் பங்கு போட்டு, விபூதிச் சரை மடிப்பதுபோல மடித்தார். நான்கு மாதப் பிள்ளைக்கு ஒரு சிட்டிகை. அதற்குள் இத்தனை கவனம்.

ஒரு சரை, ஒரு வேளை. கோடு பார்க்கத் தேவையில்லை, குலுக்கத் தேவையில்லை. தண்ணீர் படாததால் பிரிட்ஜ் வேண்டாம். ஈரமும் வெளிச்சமும் படாமல் இருந்தால் போதும். மூடி இறுக்கமான பால்மா ரின் ஒன்றுக்குள் வைத்து, ரின்னை எறும்பு ஏறாத உயரத்தில் வைத்தாள். கொடுக்கும்போது கொதித்தாறின தண்ணீர் 2, 3 மில்லிலீற்றரில் தூளைக் கலக்கி, சிரிஞ்சில் இழுத்துக் கொடுத்து, கிண்ணத்தில் ஒட்டினதை இன்னும் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கழுவி அதையும் கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகப் பாவிக்கக் கூடாது. பால் போத்தல் முழுவதிலும் கலக்கவும் கூடாது. பிள்ளை பாதியில் விட்டால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். தேனில் குழைப்பதும் ஒரு வயதுக்கு முன் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, சின்னப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகும்.

குறை இல்லாமல் இல்லை. எடை கூடினால் பழைய சரைகள் பயன்படாது, புதிதாகக் கட்ட வேண்டும். கடதாசியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பால் சீனி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு லக்டோஸ் கலக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனாலும் பிரிட்ஜ் இல்லாத, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் ஏறுகிற, பாட்டியும் அயலவரும் மாறி மாறி மருந்து கொடுக்கிற வீட்டுக்கு, நான் முதலில் சொல்வது சரைதான். யார் கொடுத்தாலும் அளவு மாறாது. எங்கள் வீட்டில் அந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

சரையும் இல்லை, பாணியும் இல்லை என்றால்? அந்த நேரத்துக்கு வீட்டிலேயே கரைப்பதுதான். பல வன்னிக் குடும்பங்கள் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். இதில் மருந்துக்கு மருந்து சட்டம் மாறும். கப்டோபிரில் தண்ணீரில் நன்றாகக் கரையும். குளிசையை அளந்த தண்ணீரில் கரைத்து, டொக்டர் சொன்ன மில்லிலீற்றரை எடுத்துக் கொடுத்து, மிச்சத்தை ஊற்றிவிடலாம். ஆனால் தண்ணீரில் அது நிற்க நிற்கக் கெடும், ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகத்தான் கரைக்க வேண்டும். கந்தக மணம் அடித்தால் பயப்படாதீர்கள், அது அந்த மருந்தின் இயல்பு. பியூரோசமைட் அப்படி இல்லை, தண்ணீரில் சரியாகக் கரையாது. 10 மில்லிலீற்றரில் போட்டுக் கலக்கினால் தூள் அடியில் இறங்கும். மேலே இழுத்தால் வெறும் தண்ணீர், அடியில் இழுத்தால் மருந்து முழுக்க. பத்தில் ஒரு பங்கு எடுத்தோம் என்று நாங்கள் நினைத்திருப்போம். எடுத்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பிறவியிலேயே தைரொயிட் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கிற தைரொக்சின் குளிசையை மட்டும் வீட்டில் நசுக்கி, கொஞ்சத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து உடனே கொடுப்பதே உலகெங்கும் வழக்கம். அதைக் கரைத்து வைக்கக் கூடாது. இரும்பு, கல்சியம் மருந்துகளோடும் சோயா மாவோடும் சேர்க்கக் கூடாது.

நசுக்கவே கூடாத குளிசைகளும் இருக்கின்றன, இது பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். வாதம் வந்து விழுங்க முடியாமல் மூக்குக் குழாயில் சாப்பாடு போகும் அப்பாமார், முள்ளந்தண்டில் காயப்பட்டு இத்தனை வருடமாகப் படுக்கையில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாக் குளிசையையும் ஒன்றாகப் போட்டு இடித்துக் குழாயில் விடுவதைப் பார்த்திருக்கிறேன். மெல்ல மெல்ல மருந்தை விடுவதற்கென்று செய்த குளிசையை, பெயரோடு எஸ்.ஆர்., ரிற்றாட் என்று வருபவற்றை, இடித்தால் பன்னிரண்டு மணித்தியால மருந்து ஒரேயடியாக உள்ளே போகும். நிபெடிபின் ரிற்றாட்டை இடித்துக் கொடுத்தால் பிரஷர் சடாரென்று விழும். வயிற்று அமிலத்துக்குத் தப்ப மேற்பூச்சுப் பூசிய குளிசையின் பூச்சை உடைத்தால் மருந்து வீண். மூட்டு வாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றின் தூள் இடிக்கிறவருக்கே கெடுதி, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இவற்றுக்குக் கலந்து செய்வதைவிட, டொக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கோ வேறு வடிவத்துக்கோ மாறுவதுதான் நல்ல வழி. "குழாயால கொடுக்கிறம்" என்ற ஒரு வசனத்தை கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தனியார் பாமசியில் கலந்து வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தோல் வருத்தத்துக்கு இது நடக்கிற விஷயம்தான். வயல் தண்ணீரில் நின்று கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தவருக்கும், தடித்த தோல் உரியாதவருக்கும், சாலிசிலிக் அமிலம் அளந்து கலந்த களிம்பு நல்ல பலன் தரும். பென்சோயிக் அமிலம் 6 வீதமும் சாலிசிலிக் அமிலம் 3 வீதமும் சேர்ந்த வைட்பீல்ட் களிம்பு நூறு வருடத்துக்கும் மேலாகப் பாவனையில் இருக்கிறது. டொக்டர் துண்டில் எழுதியதை, பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இருக்கும்போது, உங்கள் முன்னால் அளந்து கலந்தால் வாங்கலாம். மருந்துகளையும் பாமசிகளையும் ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. கடையின் அனுமதிப் பத்திரத்தைப் பார்க்கக் கேட்பது குற்றம் இல்லை.

ஆனால் துண்டு இல்லாமல், பெயர் எழுதாத டப்பியில், "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று தருகிற கலவைக் கிறீமை வாங்காதீர்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் படர்தாமரைச் சொறி இரண்டு நாளைக்கு அடங்கும், பிறகு உருமாறித் தொடை முழுக்கப் பரவும். கலியாணத்துக்கு முன் முகம் வெளுக்க வாங்குகிற டப்பிகளும் இதே கதைதான், சிலவற்றில் பாதரசம்கூட இருந்திருக்கிறது. எங்கள் பெண்பிள்ளைகளின் முகத்தில் இதைப் பூசிப் பார்க்க வேண்டாம். வீரியமான ஸ்டீரொயிட் கிறீமை வெறும் கிறீமோடு பாதிக்குப் பாதி கலந்தால் வீரியமும் பாதியாகும் என்பதும் இல்லை.

ஊசி மருந்து, கண் துளி ஆகிய இரண்டையும் எந்தக் கடையிலும் கலக்கச் சொல்லாதீர்கள். கிருமி புகாத அறை வேண்டும். 2012இல் அமெரிக்காவில், எல்லா வசதியும் இருக்கிற நாட்டில், கலவை மருந்து செய்கிற ஒரு நிறுவனத்தின் ஸ்டீரொயிட் ஊசியில் பூஞ்சை கலந்து 750 பேருக்கு மேல் நோய்ப்பட்டார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். முதுகு நோவுக்குப் போட்ட ஊசி மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது.

கனடாவில் இருக்கிற மச்சான், அங்கே பிள்ளைக்கென்று சுவை சேர்த்துக் கலந்து தருகிற பாமசி இருக்கிறது, செய்து அனுப்பட்டுமா என்று கேட்டார். அன்பில் கேட்டார். ஆனால் பிரிட்ஜில் வைத்து 35 நாளுக்குள் முடிக்க வேண்டிய போத்தல் பார்சலில் ஏறி, கொழும்பில் இறங்கி, ஏ-9 வழியாக வந்து சேர எத்தனை நாள் மிஞ்சும்? அடுத்த போத்தல் பிந்தினால் அந்த இடைவெளியில் என்ன கொடுப்பது? பிள்ளையின் எடையை அங்கிருக்கிற மருந்தாளர் எப்படி அறிவார்? அவரிடம் நல்ல சிரிஞ்சுகளும் ஒரு டிஜிட்டல் தராசும் கேட்டோம். இரண்டும் இன்றைக்கும் பயன்படுகின்றன.

சித்த வைத்தியத்தை இந்த ஒப்பீட்டில் விட்டுவிட்டால் எங்கள் ஊர் ஆட்கள் கேட்பார்கள். ஆளுக்கு ஆள் மருந்து அளப்பது பரியாரியாருக்குப் புதிதல்ல. நாடி பார்த்து, அதே சூரணத்தை ஒருவருக்குத் தேனில், இன்னொருவருக்கு இஞ்சிச் சாற்றில், மற்றவருக்கு நெய்யில் என்று அனுபானம் மாற்றிக் கொடுக்கும் மரபு அது. அதை நான் மதிக்கிறேன். அம்மம்மாவின் மூட்டு நோவு எண்ணெயை நானே காய்ச்சிக் கொடுக்கிறேன். இருந்தாலும் இருதய ஓட்டை, வலிப்பு, தைரொயிட் இந்த மூன்றிலும் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தி அந்தப் பக்கம் போகக் கூடாது. உலோகம் சேர்ந்த பற்பங்களைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இருமலுக்கு வைக்கிற அதிமதுரம் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பியூரோசமைட்டும் பொட்டாசியத்தைக் குறைக்கிற மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்பே தடுமாறலாம். பரியாரியாரிடம் ஆஸ்பத்திரி மருந்தையும், டொக்டரிடம் பரியாரியார் மருந்தையும் சொல்லுங்கள்.

இந்த மழைக்காலத்துக்குத் தங்கச்சி செய்திருக்கிற ஏற்பாடு இதுதான். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது கிளினிக் போகமுடியாமல் தவித்த சனத்தை அவள் மறக்கவில்லை. ஆகவே பியூரோசமைட் சரை வழமையான நாளுக்கு மேல் இரண்டு கிழமைக்குக் கூடுதலாக வாங்கி, தனி ரின்னில், மேல் தட்டில். கப்டோபிரில் குளிசையாகவே, கரைக்கிற அளவு மருந்தாளர் ஐயாவின் கையால் தமிழில் எழுதிய துண்டோடு. சிரிஞ்ச் மூன்று, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு. கிளினிக் கொப்பியின் படம் என் போனிலும் அவளுடைய போனிலும். பிள்ளை இப்போது எட்டரைக் கிலோ. அடுத்த கிளினிக்கில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எடை கூடியதால் பழைய சரைகள் எதுவும் சரிவராது, புதன்கிழமை போய்ப் புதிதாகக் கட்டுவிக்க வேண்டும். பழையதை எல்லாம் எண்ணி, ஒரு பையில் போட்டு, மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள்.